பதினாறு முறை தேய்த்த மலை

ஏப்ரல் 7

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கொடுத்த டைரி. மூன்று மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. என் கணவர் சிதம்பரநாதன் போபாலுக்கு மாற்றலாகிப் போனபின் வீட்டில் பேச்சுத்துணை இல்லை. சுவரோடு பேசுவதைவிடத் தாளோடு பேசலாம் என்று எடுத்திருக்கிறேன். என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை: மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தொன்பது, காலநிலை விஞ்ஞானி, முழங்கால் வலி.

காலையில் தண்ணீர் லாரி வரவில்லை. அலுவலகத்தில் ஜெபசிங் வந்து, போன ஆண்டுக்கு ஒதுக்கிய கணினி நேரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, உங்கள் தெற்கு வலையை இன்னொரு முறை ஓட்டிச் சரிபார்க்கலாமா என்றார். ஜெபசிங் என்னோடு பதினோரு வருடமாக வேலை செய்பவர், நாகர்கோவில்காரர், எதையும் இரண்டு முறை எண்ணுபவர். சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சும்மாதான் மேடம், நேரம் வீணாப் போவுதே" என்றார்.

நான் செய்யும் வேலையைச் சிதம்பரநாதனுக்கே இருபது வருடமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். பூமி முழுவதையும் கணினிக்குள் ஒரு வலையால் மூடுகிறோம். வலைக்கண் ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டர். அந்தக் கண்ணுக்குள் மலையும் பள்ளமும் ஊரும் எல்லாம் ஒரே சராசரி உயரம்தான். உலகம் முழுக்கக் கண்ணைச் சிறிதாக்கினால் எந்தக் கணினியும் தாங்காது. ஆகவே வேண்டிய இடத்தில் மட்டும் நெருக்கிப் பின்னுகிறோம். நான் நம் தென்கோடியை ஆறு கிலோமீட்டர் கண்ணாகப் பின்னினேன். அப்போதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை மலையாகத் தெரியும், மேகம் எங்கே மோதி எவ்வளவு கொட்டும் என்று சொல்ல முடியும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அறிக்கைக்கு நல்ல பெயர் கிடைத்தது.

ஏப்ரல் 10

மலை மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம். நெடும்பாறை எஸ்டேட் தொழிலாளர்களுக்கு ஓடைமேட்டில் அறுபத்திரண்டு வீடு கட்டி முடித்துவிட்டார்கள். மே 24 சாவி கொடுக்கும் விழா. அங்கே மண் சரியும் அளவுக்கு மழை பெய்யாது என்ற என் அறிக்கையை வைத்துத்தான் ஓடைமேட்டைத் தேர்ந்தெடுத்தார்களாம், ஆகவே நான் மேடையில் உட்கார வேண்டும்.

சிதம்பரநாதனிடம் போனில் சொன்னேன். "பரவாயில்லையே, மழையை எண்ணி எண்ணியே மேடை ஏறிட்ட. பொன்னாடைக்கு மேட்சா புடவை எடுத்துக்க" என்றார். சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 17

ஜெபசிங் பழைய ஓட்டத்தின் நில உயரக் கோப்பைக் கேட்டார். எந்தக் கண்ணில் மலை எத்தனை மீட்டர் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு அது. எங்கே வைத்தேன் என்று நினைவில்லை, தேடித் தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து சமையல் அலமாரி மூன்று தட்டையும் துடைத்தேன். காலாவதியான பெருங்காயம் இரண்டு டப்பா.

ஏப்ரல் 20

கோப்பு இருக்கிறது. நாளை கொடுக்கலாம்.

ஏப்ரல் 22

கொடுக்கவில்லை. அதற்குள் ஜெபசிங் தானே புதிதாக ஒரு உயரக் கோப்பு தயாரித்து ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். வேலை மெனக்கெட்டு. மனிதருக்குப் பொறுமை என்பதே இல்லை.

ஏப்ரல் 28

ஓட்டம் முடிந்தது. ஓடைமேட்டில் ஒரே நாளில் பெய்யக்கூடிய அதிகபட்ச மழை என் அறிக்கையில் நூற்று எண்பத்தைந்து மில்லிமீட்டர். அவருடையதில் முன்னூற்று முப்பது.

அவர் படத்தைக் காட்டிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள், "எனக்க பக்கம்தான் எங்கயோ தப்பு மேடம். உங்க ஓட்டத்தை எத்தனை பேரு பாத்திருக்கு" என்றார்.

தேடிப் பாருங்கள் என்றேன்.

மே 1

மே தின விடுமுறை. ஜெபசிங் அலுவலகம் போயிருக்கிறார், தப்பைத் தேட. மதியம் போன் செய்து, மழைக் கணக்கு வரி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன், இன்னும் பிடிபடல்ல என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

நான் ஃபிரிட்ஜைக் கழுவினேன். வாஷிங்மெஷின் பைப்பில் கசிவு, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

மே 4

இன்று வந்த போனை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மேடம், நான் ஞானசௌந்தரி பேசறேன், நெடும்பாறை எஸ்டேட். விழாக் கமிட்டியில இருக்கேன். நீங்க கறி சாப்பிடுவீங்களா, சைவமான்னு கேக்கச் சொன்னாங்க."

பெயரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. மலையில் எங்கள் நிறுவனம் மழைமானி வைத்திருந்த பதினான்கு பேரில் ஒருத்தி. தேயிலை பறிப்பவர். மூன்று வருடம் முன்பு ஒரு ஆகஸ்ட் நாளில் முன்னூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று எழுதி அனுப்பியிருந்தார். மழைமானிக்குள் இருக்கும் பாட்டில் கொள்வதே இருநூறு. இருநூறு கொள்ளும் பாட்டிலில் முன்னூறு எப்படி வரும்? வாய்க்கு வந்த எண்ணை எழுதுகிறாள் என்று முடிவு செய்தேன். என் கணினி மாதிரியும் அவ்வளவு மழை வராது என்று சொன்னது. அந்த எண்ணை அடித்துவிட்டு, 'தங்கள் பதிவுகள் நம்பத்தக்கவையாக இல்லை' என்று ஒரு கடிதம் போட்டு அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன்.

சைவம்தான் என்று சொல்லிவிட்டு, அந்த முன்னூற்றுப் பன்னிரண்டை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுவா? அன்னிக்குக் காலையில இருந்தே ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. இப்படியே விட்டா பாட்டில் நெறைஞ்சு கீழ வழிஞ்சிரும்னு தெரிஞ்சிருச்சு. நாலு மணிக்குக் கொங்காணியைப் போத்திக்கிட்டுப் போயி அளந்து ஊத்திட்டு, திரும்ப வச்சுட்டு வந்தேன். மறுநாள் காலையில மிச்சத்தை அளந்தேன். ரெண்டையும் கூட்டினேன். அந்தச் சின்னக் கண்ணாடிக் குவளையில இருபது இருபதாத்தான் அளக்க முடியும், பதினாறு தடவை."

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"யாரு கேட்டா மேடம்? லெட்டர்தான் வந்துச்சு. என் மாமியார் வேற, பொய்க் கணக்கு எழுதி மாட்டிக்கிட்டான்னு எங்க லைன் வீடு பூரா சொல்லிட்டாங்க." சிரித்தார். "அதை விடுங்க. எனக்கு இருபத்தெட்டாம் நம்பர் வீடு. விழாவுக்கு வரப்ப எங்க வீட்டுல காப்பி சாப்பிடணும். மழைக்காலத்துக்கு முன்னாடி கைக்கு வருது, அதுவே பெரிய சந்தோஷம்."

வருகிறேன் என்றேன்.

மே 5

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இரண்டு வருடமாக என் நெஞ்சு ஒன்றும் குறுகுறுக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். இந்தத் தாளில்கூட ஒரு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதிவிடுகிறேன்.

வலைக்கண்ணை நெருக்கினால் மலைச்சரிவு செங்குத்தாகிவிடும். அதில் காற்று மோதும்போது கணக்கு நிலைகுலைந்து ஓட்டம் நின்றுவிடும். வெடித்துவிட்டது என்போம். இரண்டு வருடம் முன்பு எனக்கு ஒன்பது முறை வெடித்தது. அதற்குச் சரியான வைத்தியம், கணக்கின் காலடியைக் குறைப்பது, அதாவது ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிடுவதை அரை நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றுவது. அப்படிச் செய்தால் இரு மடங்கு நாள் ஆகும். அறிக்கைக்கு மூன்று வாரம்தான் இருந்தது, அந்த அறிக்கையோடுதான் நான் பதவி உயர்வு நேர்காணலுக்குப் போக வேண்டியிருந்தது. இன்னொரு வைத்தியம் உண்டு. உயரக் கோப்பில் மலையைத் தேய்த்து வழவழப்பாக்குவது. எல்லோரும் செய்வதுதான். மூன்று, நான்கு முறை தேய்ப்பார்கள். நான் நாலு முறை தேய்த்தேன், வெடித்தது. எட்டு முறை தேய்த்தேன், வெடித்தது. பதினாறு முறை தேய்த்தபின் சமர்த்தாக ஓடியது.

சும்மா சோதனைக்குத்தான் இது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டேன். ஓட்டம் முடிந்ததும் கணினி ஒரு பட்டியல் தரும். அதில் நெடும்பாறை முகடு ஆயிரத்து ஐம்பது மீட்டர் என்று இருந்தது. உண்மையில் அது ஆயிரத்துத் தொள்ளாயிரம். பார்த்தேன். பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

ஆறு கிலோமீட்டர் வலை என்று அறிக்கையின் அட்டையிலேயே போட்டேன். வலை ஆறு கிலோமீட்டர்தான், அதில் பொய் இல்லை. அதற்குள் இருந்த மலைதான் மொட்டை. ஏற மலை இல்லாத மேகம் எப்படிக் கொட்டும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மலையைத் தேய்த்துவிட்டு, மழையை அளந்தவளைப் பொய்க்காரி ஆக்கினேன்.

ஒரு வாரமாக ஜெபசிங்கைத் தேடவிட்டதை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருக்கிறது.

மே 6

ஜெபசிங்கிடம் சொன்னேன். என் பழைய கோப்பை அவர் மேஜையிலேயே திறந்து காட்டினேன். நெடுநேரம் அந்த ஆயிரத்து ஐம்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எட்டு நாளா எனக்க புத்தியச் சந்தேகப்பட்டேன் மேடம்" என்றார். "மூளைக்கு வயசாயிட்டோன்னு நேத்து எனக்க வீட்டுக்காரிகிட்ட சொன்னேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாலையில் திரும்பி வந்து, உட்காராமலே, "மே இருபத்துநாலுக்கு இன்னும் பதினெட்டு நாளு இருக்கு. யாருகிட்ட சொல்லப் போறீங்க?" என்றார்.

மே 8

இயக்குநர் முழுவதும் கேட்டார். அறிக்கையைத் திரும்பப் பெறலாம், அதற்கு ஒரு குழு போட வேண்டும், குழுவுக்கு நான்கு மாதம் ஆகும் என்றார். பிறகு தாழ்ந்த குரலில், இதை வெளியே கொண்டுபோனால் உங்களை இனி எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட விடமாட்டார்கள், தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன்.

மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், போனும் செய்தேன். பேசிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "உத்தரவுல இருக்கறது பழைய அறிக்கைம்மா. வீடு கட்டியாச்சு, பேர் எழுதியாச்சு. மழை முடியட்டும், பாப்போம்."

சிதம்பரநாதனிடம் சொன்னேன். வேலை என்னாகும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "அந்த ஜனங்க கிட்ட நீ நேரா சொன்னியா?" என்று கேட்டார். இல்லை. "அப்ப இன்னும் யார் கிட்டயும் சொல்லலைன்னுதான் அர்த்தம்."

மே 14

நெடும்பாறை. பொள்ளாச்சியிலிருந்து பஸ், பிறகு எஸ்டேட் ஜீப்.

ஞானசௌந்தரி பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு, கையெல்லாம் தேயிலைக் கறை. விழாவுக்கு முன்னால் இடம் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, நேரே ஓடைமேட்டுக்கு அழைத்துப் போனார். வெள்ளையடித்த வீடுகள், நேர் வரிசை. பின்னால் மலை அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. இத்தனை வருடத்தில் அந்த முகட்டை எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன். தலையை நன்றாக அண்ணாந்தால்தான் உச்சி தெரிந்தது.

இலை நிறுக்கும் கொட்டகையில் நூறு பேருக்கு மேல் கூடினார்கள். ஒளிக்காமல் சொன்னேன். என் கணக்கு தப்பு, தெரிந்தே விட்ட தப்பு, இந்த இடத்தில் நான் சொன்னதைப் போல இரண்டு மடங்கு மழை பெய்யலாம், சரிவு இறங்கலாம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எஸ்டேட் லைன் வீட்டை ஜூன் ஒண்ணாம் தேதி காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டான். இப்ப வந்து சொல்றியே, நீயெல்லாம் படிச்சவளா?" என்றார் தலைப்பாகை கட்டிய ஒருவர். "முப்பது வருஷம் பத்துக்குப் பத்து ரூம்ல கெடந்தோம். வீடு வேணாம்னு எழுதிக் குடுக்கவா எங்களை?" ஒரு பெண் அழுதாள். அவள் மகள் பிரசவத்துக்கு வருகிறாளாம், புது வீட்டுக்கு. நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஞானசௌந்தரி கடைசியில்தான் எழுந்தார். "அப்ப நான் எழுதினது சரிதானே மேடம்?"

"சரி. ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பில்லை."

"அதை எழுதிக் குடுங்க."

அங்கேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வாசித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னை வாசல்வரை அழைத்து வந்தார்.

"போவாம இருக்க முடியாது மேடம். வேற கூரை இல்ல. அப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எவ்வளவு மழை பேஞ்சா நாங்க எழுந்து ஓடணும்?"

இருபத்தைந்து வருடப் படிப்பில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றேன். காப்பி கொடுத்தார்கள், லைன் வீட்டில்.

மே 20

ஜெபசிங்கும் நானும் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஓடைமேட்டைச் சுற்றி மட்டும் வலையை மூன்று கிலோமீட்டராக நெருக்கினோம். மலையைத் தொடவில்லை. இருபது முறை வெடித்தது, காலடியைக் குறைத்துக்கொண்டே போனோம். அவர் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. மழையைத்தான் எங்கள் மாதிரி சொல்லும், மண் எப்போது இறங்கும் என்று சொல்லாது. மண் ஆய்வு செய்யும் இரண்டு பேரிடம் கேட்டோம். ஒருவர் இருநூறு என்றார், இன்னொருவர் இருநூற்று முப்பது என்றார். காலையிலிருந்து நூற்று இருபது தாண்டினால் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டோம். அந்த எண்ணுக்கு விஞ்ஞானத்தில் ஆதாரம் குறைவு. பயத்தில் ஆதாரம் உண்டு.

மே 24

விழா நடந்திருக்கிறது. எனக்கு வர வேண்டாம் என்று செய்தி வந்துவிட்டது.

ஜூன் 2

இருபத்தெட்டாம் வீட்டில் பால் காய்ச்சிவிட்டார்களாம். ஞானசௌந்தரி தன் பழைய மழைமானியைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் மேட்டில் வைத்திருக்கிறார். அந்தப் பள்ளி சரிவுக்கு எதிர்ப்பக்கம், பாறை மேல். ஓடினால் அங்கேதான் ஓட வேண்டும்.

எனக்கு அறிக்கைப் பணி எதுவும் இல்லை என்று இன்று உத்தரவு. நூலகப் பொறுப்பு. கணினிக் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டார்கள். தினமும் காலை எட்டரைக்கு ஞானசௌந்தரி மழை அளவு சொல்லப் போன் செய்வார் என்பதால் அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்று எழுத ஆசை. தெரிகிறது. வலிக்கிறது.

ஜூன் 19

மதியம் ஒரு மணிக்கு நூற்று இருபத்தாறு. அறுபத்திரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மாலையில் மழை விட்டது. மலை இருந்த இடத்தில் இருந்தது.

ஜூலை 3

மறுபடி. நூற்று நாற்பது. நாற்பத்தொரு குடும்பம்தான் போனது. ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடந்ததில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தலைப்பாகைக்காரர் ஞானசௌந்தரியின் போனைப் பிடுங்கி என்னைத் திட்டினார். "அன்னிக்கு மழை இல்லைன்ன, இன்னிக்கு மழை வரும்ங்கற, எங்களை வச்சு விளையாடறியா?" கேட்டுக்கொண்டேன்.

வாழ்நாள் முழுக்க என் எண் பலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். இப்போது சாமி படத்தின் முன்னால் நின்று, என் எண் பொய்த்துப் போகட்டும் என்று கேட்கிறேன்.

ஜூலை 21

காலையிலிருந்து அரை மணிக்கு ஒரு போன். பன்னிரண்டு மணிக்கு நூற்றுப் பத்து. பன்னிரண்டே முக்காலுக்கு நூற்றைம்பது.

"யாரும் அசைய மாட்டேங்கறாங்க மேடம். பத்து வீடு வந்திருக்கு. மிச்சப் பேரு, போன தடவையும் இப்படித்தான் சொன்னேன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. நீங்க பேசுங்க. கோயில் மைக்குகிட்ட போனைப் பிடிக்கறேன்."

நூலகத்தில் நான்கு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போகத் தோன்றவில்லை. அங்கேயே நின்று பேசினேன்.

"நான் மங்கையர்க்கரசி பேசறேன். ரெண்டு வருஷம் முன்னாடி உங்க மலையைப் பத்திப் பொய் எழுதினவ. என்னை நம்புங்கன்னு கேக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஞானசௌந்தரி பொய் எழுதினதே இல்ல. அவங்க மழையில நனைஞ்சு அளந்துட்டு வந்து சொல்றாங்க. அவங்களை நம்பிக் கிளம்புங்க. மலை சரியலைன்னா நாளைக்கு நானே வரேன். அங்க நிக்க வச்சுத் திட்டுங்க."

மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு ஞானசௌந்தரியின் குரல், எனக்கில்லை, வேறு யாருக்கோ: "பாட்டியைத் தூக்கிக்க, பெட்டி கெடக்கட்டும்." தொடர்பு அறுந்தது.

இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் போன் போகவில்லை. ஜெபசிங் நூலகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஐந்து ஐம்பதுக்குப் போன் மணி அடித்தது.

"மேடம், எல்லாரும் இருக்கோம். ரெண்டு தடவை தலையை எண்ணிட்டேன். இருபதுல இருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் வீடு இல்ல. மண்ணுதான் இருக்கு. எங்க வீடும் போச்சு."

மழை எவ்வளவு என்று என் வாய் கேட்டுவிட்டது. பழக்கம்.

"இருநூத்தி எழுபது வரைக்கும் அளந்தேன். அதுக்கப்புறம் அளக்கல, ஓடியாந்துட்டேன்."

நன்றாகச் செய்தீர்கள் என்றேன். பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம், யாரோ ஒருவர் பெயர் பெயராகக் கூப்பிடும் சத்தம்.

"மேடம், நாங்க இப்ப எங்க போறது?"

ஜெபசிங் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் போனில் பொள்ளாச்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார். காலை ஐந்து நாற்பது ரயில். நாளை அவர்கள் எதிரில் போய் நிற்க வேண்டும்.